கைச் சுவிட்சு இருக்கட்டும்

முத்துக்கருப்பன்: அணில்தான் தாயி. அணிலத் தவிர வேற ஒண்ணும் இல்ல.

தமிழ்வாணி: போன வாரம் போன்ல கேட்டப்ப டவர் இல்லன்னு சொன்னீங்களே அண்ணே.

முத்துக்கருப்பன்: டவரும் இல்ல, அணிலும் கடிச்சிருச்சு. ரெண்டும் சேந்துக்கிருச்சு.

பாண்டியம்மாள்: இடி விழுந்துச்சே, அதச் சொல்லுங்க.

முத்துக்கருப்பன்: ஆமா. இடி.

தமிழ்வாணி: பேரையூர்ப் பக்கம் மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு அக்கா?

பாண்டியம்மாள்: ...இது மழை இல்லாத இடி.

தமிழ்வாணி: மோட்டாரப் போடுற பொட்டியத் தொறந்து பாத்துட்டேன். வயர்ல ஒரு கடி இல்ல. டவர் ஃபுல்லா இருக்கு. இந்தா, இப்பக் கரண்ட் வந்ததும் தானா மோட்டாரப் போட்டு விட்ருச்சு. தண்ணி ஓடிக்கிட்டுத்தான இருக்கு? பொட்டியில பழுதே இல்லண்ணே.

முத்துக்கருப்பன்: பகல்ல அதுக்குக் கண்ணு தெரியும். ராத்திரிதான் தடுமாறுது.

தமிழ்வாணி: அதத்தான் நானும் கேக்க வந்தேன். பொட்டி செய்யிற எங்க மதுரை ஆபீஸ்ல உக்காந்தே ஒவ்வொரு கிணத்துப் பொட்டியும் எப்படி இருக்குன்னு பாக்கலாம். ஒங்க பொட்டி பகல் கரண்டுக்கு ஆட்டோல இருக்கு. சாயங்காலமானா இந்தக் குமிழ் கைப் பக்கம் திரும்பிருது. அப்புறம் ராத்திரி கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடாது, யாராச்சும் வந்து கைச் சுவிட்சத்தான் அமுக்கணும். விடிஞ்சாப் பாத்தா மறுபடியும் ஆட்டோ. தெனம் இதே கதை. அம்புட்டு ஒழுக்கமான அணிலா அது?

பாண்டியம்மாள்: எங்க ஊரு அணிலு. வேலை தெரிஞ்ச அணிலு.

முத்துக்கருப்பன்: நீ செத்த சும்மா இரு புள்ள.

பாண்டியம்மாள்: நான் சும்மாத்தான் இருக்கேன். நீங்கதான் அணில ஓட விட்டீக.

தமிழ்வாணி: போன மாசம் எங்க ஆபீஸ்லருந்து ஒரு தம்பி வந்து கேட்டப்ப, எல்லாக் கேள்விக்கும் 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொல்லியிருக்கீங்க.

முத்துக்கருப்பன்: ஆமா. கட்டம் கட்டமா ஒரு தாளு வச்சிருந்தாப்ல. எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டுச் சந்தோசமாப் போனாப்ல.

தமிழ்வாணி: ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?

பாண்டியம்மாள்: அது வேர்த்து விறுவிறுத்து வந்துச்சு. சட்டையெல்லாம் முதுகோட ஒட்டிக்கிருச்சு. வீடு தேடி வந்த பிள்ளைய நிக்க வச்சு, ஒன் பொட்டி ஆகாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

தமிழ்வாணி: எனக்கும் வேர்க்குது அக்கா. அப்ப எங்கிட்டயும் பொய்தான் சொல்லுவீங்களா?

பாண்டியம்மாள்: ஒனக்கு மோரக் குடுத்துட்டு உண்மையச் சொல்லுவோம். இரு, தூக்குவாளியில கெடக்கு.

தமிழ்வாணி: மோர் பெறகு குடிக்கிறேன். நான் தாளு கொண்டாரல. இந்தப் போன்ல நீங்க பேசுறதப் பதிவு மட்டும் பண்ணிக்கிறேன். நான்தான் கேப்பேன். ஒங்க பேர எங்கயும் சொல்லமாட்டேன். வேணாம்னா அமத்திர்றேன்.

முத்துக்கருப்பன்: பண்ணிக்க. நாங்க என்ன களவா எடுத்தோம்?

தமிழ்வாணி: நாளைக்கு ஆபீஸ்ல ஒரு கூட்டம் இருக்கு. இந்தப் பொட்டிய வரைஞ்சு செய்யிறவங்க எல்லாம் உக்காருவாங்க. இந்தப் பக்கம் இன்னும் சில கிணத்துலயும் குமிழ் இப்படித் திரும்பித் திரும்பிக் கெடக்கு. கை தெரியாமப் பட்டுத் திரும்புதுன்னு அவங்க நெனைக்கிறாங்க. அதுனால கைச் சுவிட்சே வேணாம்னு எடுத்துரப் போறாங்க. ஏற்கெனவே மாட்டுன பொட்டியிலயும் குமிழ ஆட்டோல வச்சுப் பூட்டிருவாங்க.

பாண்டியம்மாள்: பூட்டிருவாகளா?

முத்துக்கருப்பன்: சுவிட்சே இருக்காதா?

தமிழ்வாணி: ராவோ பகலோ, கரண்ட் வந்தாத் தானா ஓடும். கரண்ட் போனா நின்னுக்கிரும். நீங்க இந்தக் கிணத்துப் பக்கமே ராத்திரி வர வேணாம். நல்லதுதான அண்ணே?

முத்துக்கருப்பன்: ...நல்லதுதான்.

பாண்டியம்மாள்: நல்லதுதான். நல்லதில்லாம என்ன.

தமிழ்வாணி: நல்லதுக்கு ஏன் ரெண்டு பேர் மொகமும் இப்படிச் சுண்டிப் போச்சு?

முத்துக்கருப்பன்: வெயிலு.

தமிழ்வாணி: வேப்பமரத்து நெழல்ல உக்காந்திருக்கோம்.

முத்துக்கருப்பன்: இல்ல, நான் என்ன கேக்குறேன்னா... கிணத்துக்குள்ள ஆள் எறங்கியிருக்கு. அப்பப் பாத்துக் கரண்ட் வந்துட்டா? கைச் சுவிட்சு வேணுமில்ல?

தமிழ்வாணி: போன்ல ஒரு நம்பரத் தட்டுனா அமந்துரும். ஆள் எறங்குற அன்னைக்கு முன்கூட்டியே அமத்தி வைக்கலாம்.

முத்துக்கருப்பன்: போன்ல சார்ஜ் இல்லன்னா?

தமிழ்வாணி: ஒங்க மகன் போன்லயும் அமத்தலாமே. அழகுபாண்டி தம்பி தான பொட்டி வேணும்னு வந்து கேட்டாப்ல.

பாண்டியம்மாள்: அவன்தான். 'எங்கப்பா ராத்திரியெல்லாம் காட்டுல பாம்பு பூச்சிக்கு நடுவுல அலையுறாரு, இனிமேலாவது படுத்துத் தூங்கட்டும்'னு கல்லுப்பட்டி வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தான். மாட்டுன அன்னைக்கு அந்தப் பொட்டிக்குப் பொட்டு வச்சு விட்டான். அம்புட்டு ஆசை.

முத்துக்கருப்பன்: அதுனாலதான் தாயி நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்றோம். பிள்ள ஆசையா மாட்டி விட்டத எப்படிக் கழட்டுறது.

தமிழ்வாணி: கழட்ட வேணாம்ணே. அது இருக்கட்டும். கைச் சுவிட்சும் கூட இருக்கட்டும்னு நான் நாளைக்குச் சொல்றேன். ஆனா ஏன்னு கேப்பாங்க. அணிலுன்னு சொன்னா, வலை அடிச்சுக் குடுத்துருவாங்க. எனக்கு ஒரே ஒரு உண்மையான காரணம் வேணும்.

முத்துக்கருப்பன்: நீ சொல்லு புள்ள.

பாண்டியம்மாள்: நீங்களே சொல்லுங்க.

தமிழ்வாணி: சரி, காரணம் வேணாம். நேத்து ராத்திரி நடந்தத மட்டும் சொல்லுங்க. மொதல்லருந்து.

முத்துக்கருப்பன்: என்னத்த நடந்துச்சு. கரண்ட் வந்துச்சு. எந்திரிச்சேன். வந்தேன். மோட்டாரப் போட்டேன். பாச்சுனேன். போனேன்.

பாண்டியம்மாள்: எல்லாம் ஒத்தை ஆளாச் செஞ்ச மாதிரியே சொல்றாரு பாரு. டார்ச்சு தானா பறந்து வந்துச்சு.

தமிழ்வாணி: நீங்களும் வருவீங்களாக்கா?

பாண்டியம்மாள்: பின்ன? இவருக்குச் சாயங்காலமானா மாலைக்கண்ணு. வரப்பு எது, வாய்க்கா எதுன்னு தெரியாது. கல்யாணமான புதுசுல ஒருநா ஒத்தையில வந்து தொட்டிக்குள்ள விழுந்து கெடந்தாரு.

முத்துக்கருப்பன்: விழுகல. எறங்கிக் குளிச்சேன்.

பாண்டியம்மாள்: வேட்டி சட்டையோட குளிச்சாரு. செருப்பையும் கழட்டல.

தமிழ்வாணி: சரி, ரெண்டு பேரும் வந்தீங்க. மோட்டாரப் போட்டீங்க. தண்ணி கடைசிப் பாத்திக்குப் போற வரைக்கும் என்ன செய்வீங்க?

முத்துக்கருப்பன்: மடை மாத்துவேன்.

தமிழ்வாணி: மாத்தி முடிச்சுட்டா?

முத்துக்கருப்பன்: உக்காந்திருப்போம். மின்னயெல்லாம் நான் எழுத்துப் பழகுவேன்.

தமிழ்வாணி: இங்கயா?

முத்துக்கருப்பன்: பள்ளிக்கொடத்துல சாயங்காலம் பெரியாளுகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாகல்ல. நானும் போனேன். அதுக்கு முன்னாடி எங்க போனாலும் கட்ட வெரல நீட்டுறவன்தான். வீட்டுல வச்சு எழுதிப் பாத்தா, பேரன் 'தாத்தா ஒண்ணாப்பு'ங்குறான். இங்கன வந்தா யாரு சிரிக்கப் போறா? தண்ணி நனைச்ச மண்ணு சிலேட்டு மாதிரி இருக்கும். குச்சிய வச்சு எழுதுவேன், கால வச்சு அழிப்பேன்.

பாண்டியம்மாள்: இவரு ஒரு 'ழ' போட்டு முடிக்கிறதுக்குள்ள தண்ணி வரப்பத் தாண்டி அடுத்தாளு காட்டுக்குப் போயிரும். அது வரைக்கும் நான் எதுக்க நின்னு டார்ச்ச அடிச்சுக்கிட்டே இருக்கணும். கை வலிச்சு ஆட்டுனாப் போதும், எழுத்து கோணிப் போச்சுன்னு வைவாரு.

தமிழ்வாணி: நீங்களும் சேந்து படிச்சிருக்கலாமேக்கா.

பாண்டியம்மாள்: எனக்கெதுக்குத் தாயி. டார்ச்ச ஆட்டாமப் பிடிக்கிறதே பெரிய படிப்பு.

தமிழ்வாணி: நேத்து எழுத்து எழுதுனீங்களா?

முத்துக்கருப்பன்: நேத்து இல்ல. அதெல்லாம் பழகியாச்சு. இப்பச் சும்மா உக்காந்திருப்போம்.

தமிழ்வாணி: பேசிக்கிட்டு?

முத்துக்கருப்பன்: என்னத்தப் பேச... மக்காச்சோளத்தப் பத்தி.

தமிழ்வாணி: மக்காச்சோளத்தப் பத்தி அம்புட்டு நேரமா?

பாண்டியம்மாள்: ஏந்தாயி, இதெல்லாமா ஆபீஸ்ல கேக்கச் சொன்னாக?

முத்துக்கருப்பன்: அங்கன மடை ஒடஞ்ச மாதிரி இருக்கு. நான் போயி மண்ண அணைச்சுட்டு வாரேன்.

பாண்டியம்மாள்: ஒண்ணும் ஒடையல. வெக்கம் ஒடஞ்சிருச்சு.

முத்துக்கருப்பன்: மம்பட்டி எங்க வச்ச?

பாண்டியம்மாள்: ஒங்க தோள்லதான் இருக்கு.

முத்துக்கருப்பன்: ...ஆமா. வாரேன் தாயி.

தமிழ்வாணி: வேகமாப் போறாரு.

பாண்டியம்மாள்: ஆமா... தாயி, அந்தப் போன அமத்து.

தமிழ்வாணி: அமத்திட்டேன். பாருங்க.

பாண்டியம்மாள்: அணிலு நான்தான்.

தமிழ்வாணி: நீங்களாக்கா?

பாண்டியம்மாள்: சாயங்காலம் ஆட்டப் பத்திக்கிட்டு இப்படித்தான வருவேன். வந்து குமிழக் கைப் பக்கம் திருப்பி வச்சுட்டுப் போயிருவேன். ராத்திரி மோட்டாருக்குக் கரண்ட் வந்ததும் வீட்டு வாசல்ல செவப்பு பல்பு எரியும். காது குடுத்துப் பாப்போம். கிணத்துல மோட்டார்ச் சத்தம் இருக்காது. 'பொட்டி மறுபடியும் மக்கர் பண்ணுது, வாங்க போவோம்'னு எழுப்புவேன். அவருக்குத் தெரியாது. நீ சொல்லிராத.

தமிழ்வாணி: சொல்லமாட்டேன்க்கா. ஆனா குமிழத் திருப்புனா அண்ணன் போனுக்கு மெசேஜ் வருமே.

பாண்டியம்மாள்: வந்தா வரட்டும். அவரு எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சு போகும்.

தமிழ்வாணி: ஏங்க்கா திருப்புறீங்க?

பாண்டியம்மாள்: எங்க வீடு பாத்தியா நீ? ஒத்தப் பத்தி, ஒரே ரூமுதான். ஒரு பக்கம் மகன், மருமக, பேரன். இந்தப் பக்கம் நாங்க. நடுவுல டிவி. மருமக நல்ல பிள்ளதான், ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதுக்காகப் பேரன் எடுத்தவக நாங்க அவ முன்னாடி உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? எங்கூருல அப்படிப் பழக்கம் இல்ல. வீட்டுக்குள்ள எங்களுக்கு ரெண்டு பேச்சுதான். 'சோறு போடவா', 'போடு'.

தமிழ்வாணி: இங்க வந்தா?

பாண்டியம்மாள்: இங்க வந்தா அவரு வேற ஆளு. வாய மூட மாட்டாரு. சின்ன வயசுல காளவாசல்ல செங்கச் செமந்தப்ப இருந்த மொதலாளி மாதிரி நடந்து காட்டுவாரு பாரு, எனக்கு வயிறு வலிச்சுப் போகும்... எங்க மாமியா செத்தப்ப கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி விடல அவரு. கல்லு மனசுக்காரன்னு சொந்தமெல்லாம் பேசுச்சு. காரியமெல்லாம் முடிஞ்ச பெறகு ஒருநா ராத்திரி, இந்தா இந்தத் தொட்டிக் கட்டையில உக்காந்து அப்படி அழுதாரு. நான் ஒண்ணுஞ் சொல்லல. டார்ச்ச அமத்திட்டேன்.

தமிழ்வாணி: பொட்டி வந்த பெறகு?

பாண்டியம்மாள்: பொட்டி மாட்டுன புதுசுல கொஞ்ச நாள் நான் எதையும் தொடல. அது பாட்டுக்கு ஓடுச்சு. அவரும் நல்லாத் தூங்குனாரு. எனக்கு மட்டும் அவரு வெளியூர் போன மாதிரி இருந்துச்சு. பக்கத்துலதான் படுத்திருக்காரு. நான் உத்தரத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?

தமிழ்வாணி: ஆயிருச்சுக்கா. நான் விளாங்குடியில அம்மா வீட்டுல இருக்கேன். அவரு ஓசூர்ல வேலை பாக்குறாரு. தெனம் போன்ல பேசிக்கிருவோம்.

பாண்டியம்மாள்: பேசுறதுக்குப் போன் போதும். பேசாம இருக்குறதுக்குத்தான் ஆளு பக்கத்துல வேணும்.

தமிழ்வாணி: ...அத எழுதிக்கிரவாக்கா?

பாண்டியம்மாள்: எதுக்கு? ஆபீஸ்ல காட்டவா?

தமிழ்வாணி: இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு அனுப்ப.

பாண்டியம்மாள்: அனுப்பு, அனுப்பு... ஆனா எனக்கு மனசு உறுத்தாம இல்ல தாயி. காளவாசல்ல தேஞ்ச முதுகு அது. தூங்க வேண்டிய மனுசனப் பொய் சொல்லி எழுப்பிக் கூட்டிட்டு வாரேன். அந்தச் சுவிட்சப் பூட்டிட்டா அந்தப் பாவமும் இல்ல. அப்படித்தான் நெனைச்சுப் பாத்தேன். நெனைக்கவே பிடிக்கல. நீ எதையாவது சொல்லி அத நிப்பாட்டு. என் பேரு மட்டும் வர வேணாம்.

முத்துக்கருப்பன்: ஏ புள்ள, அங்கன பாரு. ஒன் ஆடு அவுத்துக்கிட்டுப் பயிருக்குள்ள நிக்கிது.

பாண்டியம்மாள்: நான் நல்லாத்தான கட்டுனேன்?

முத்துக்கருப்பன்: கட்டுன லட்சணம். போயி ஓட்டு, கருத மென்னுட்டு வயிறு ஊதிக்கிரும்.

பாண்டியம்மாள்: இந்தா வாரேன் தாயி. மோரு தூக்குவாளியில அப்படியே இருக்கு பாரு.

முத்துக்கருப்பன்: ...போயிட்டாளா?

தமிழ்வாணி: போயிட்டாங்க. ஆட்ட நீங்கதான அவுத்து விட்டீங்க?

முத்துக்கருப்பன்: ஒனக்குக் கண்ணு கூர்மை. அந்தப் போன் ஓடுதா?

தமிழ்வாணி: அமத்தித்தான் இருக்கு.

முத்துக்கருப்பன்: அமந்தே இருக்கட்டும். அவ என்ன சொன்னா?

தமிழ்வாணி: ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்டச் சொல்றதில்லண்ணே. எங்க வேலையில அது ஒரு முறை.

முத்துக்கருப்பன்: நல்ல முறை. அப்ப நான் சொல்றதும் அவளுக்குப் போகாதுல்ல?

தமிழ்வாணி: போகாது.

முத்துக்கருப்பன்: அந்த அணிலு யாருன்னு எனக்குத் தெரியும்.

தமிழ்வாணி: ...அப்படியா அண்ணே.

முத்துக்கருப்பன்: அவதான். சாயங்காலமானா எம் போனுக்கு மெசேஜு வரும். 'மோட்டார் கை முறைக்கு மாற்றப்பட்டது.' மொத தடவை வந்தப்ப கூட்டிக் கூட்டி வாசிச்சேன். 'மோட்டார்' வந்துருச்சு. 'கை' வந்துருச்சு. அந்த 'மாற்றப்பட்டது'லதான் மாட்டிக்கிட்டேன். மறுநாளும் வந்துச்சு, அப்பவும் முடியல. அதுக்கப்பறந்தான் பிடிபட்டுச்சு. அந்த நேரத்துக்கு ஆட்டோட இங்கன வர்றது அவ ஒருத்திதான்.

தமிழ்வாணி: நீங்க கேக்கலையா?

முத்துக்கருப்பன்: கேப்பனா? எனக்கு எழுத்துத் தெரிஞ்ச நாள்லருந்து போன்ல வந்ததையெல்லாம் ஆசையா வாசிச்சுப் பாத்தேன் தாயி. கடன் வாங்கிக்கன்னு ஒண்ணு. பரிசு விழுந்திருக்குன்னு ஒண்ணு. எவனோ எவனுக்கோ அனுப்புனது. எனக்குன்னு ஒரு ஆளு அனுப்பி வர்றது இது ஒண்ணுதான். ராத்திரி வாரியான்னு கேக்குறா. நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

தமிழ்வாணி: நீங்களே ஒருநா 'வா போவோம்'னு கூப்பிட்டிருக்கலாமேண்ணே.

முத்துக்கருப்பன்: எப்படிக் கூப்பிடுறது? மகன் படுத்துக்கெடக்கான், மருமக படுத்துக்கெடக்கு. பொட்டி ஒழுங்கா ஓடுறப்ப, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ராத்திரி காட்டுக்கு எதுக்குப் போறான் கெழவன்? அதுவும் போக அவளுக்கு முட்டி வலி. பொட்டி வந்ததும் அவ கொஞ்ச நாளாவது நல்லாத் தூங்கட்டும்னு நெனைச்சேன். நான் முழிச்சா அவளும் முழிச்சுக்கிருவா. அதுனால கண்ண மூடிக்கிட்டு அசையாமக் கெடப்பேன். தூக்கம் எங்க வந்துச்சு. மோட்டாரு ஓடுற சத்தம் தூரத்துல கேக்கும். நம்ம இல்லாம அது பாட்டுக்கு ஓடுதேன்னு இருக்கும்.

தமிழ்வாணி: அப்ப விடிகாலையில குமிழ மறுபடியும் ஆட்டோல திருப்புறது...

முத்துக்கருப்பன்: நான்தான். நான் திருப்பி வச்சாத்தான அவ சாயங்காலம் திருப்ப முடியும்?

தமிழ்வாணி: அண்ணே...

முத்துக்கருப்பன்: சிரிக்காத தாயி.

தமிழ்வாணி: சிரிக்கல. சத்தியமா.

முத்துக்கருப்பன்: எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரிஞ்சா வெக்கப்பட்டுப் போவா. அப்புறம் குமிழத் தொடவே மாட்டா. ஒனக்கு அவளப் பத்தித் தெரியாது. அதான் அவ பாக்குறதுக்கு முன்னாடி மெசேஜ அழிச்சுருவேன். இதுல ஒரு சிக்கல் இருக்கு. பள்ளிக்கொடத்துல அடுத்த வகுப்பு ஆரம்பிக்கப் போறாக. தானும் சேரப் போறேங்குறா.

தமிழ்வாணி: சேரட்டுமே, நல்லதுதான.

முத்துக்கருப்பன்: நல்லதுதான். நான்தான் போகச் சொன்னேன். ஆனா அவ எழுத்துப் படிச்சுட்டு, நான் கவனிக்காத நேரமாப் பாத்து அந்த மெசேஜ வாசிச்சுட்டான்னா? எல்லாம் போச்சு. அதுனால நாளைக்குக் கூட்டத்துல கைச் சுவிட்சு இருக்கட்டும்னு சொல்லு. அந்த மெசேஜ மட்டும் வராமப் பண்ணிரு.

தமிழ்வாணி: அது வரலைன்னா ஒங்களுக்கு ஒண்ணுமே வராதே அண்ணே. எனக்குன்னு வர்றது அது ஒண்ணுதான்னீங்க.

முத்துக்கருப்பன்: ...அதையும் யோசிச்சுட்டேன். மெசேஜு இல்லாட்டியும் அவ திருப்புவா. அது போதும்.

தமிழ்வாணி: கேட்டுப் பாக்குறேன். மெசேஜு வேணும், வேணாம்னு அவங்கவங்களே வச்சுக்கிற மாதிரிச் செய்யலாம்னு நெனைக்கிறேன். ஆனா என் கையில மட்டும் இல்ல.

முத்துக்கருப்பன்: சுவிட்சுக்கு என்ன காரணம் சொல்லுவ?

தமிழ்வாணி: யாரும் தெரியாமத் திருப்பல, தெரிஞ்சுதான் திருப்புறாங்கன்னு சொல்லுவேன். கிணத்துக்கு வர்றது எல்லாருக்கும் பாரம்னு நம்மளா நெனைச்சுக்கிட்டோம், சிலருக்கு அப்படி இல்லன்னு சொல்லுவேன். வர வேணாம்னு இருக்கிறவங்களுக்குப் பொட்டி. வரணும்னு இருக்கிறவங்களுக்குச் சுவிட்சு. ஏன் வரணும்னா, அது அவங்க வீட்டு விசயம்.

முத்துக்கருப்பன்: படிச்ச ஆளுக, கேப்பாகளா?

தமிழ்வாணி: கேப்பாங்க. கேக்காட்டி, எல்லாரையும் ஒரு ராத்திரி இங்க கூட்டிட்டு வந்து உக்கார வச்சுருவேன்.

முத்துக்கருப்பன்: அய்யோ, அது வேணாம் தாயி. எங்களுக்கு எடமில்லாமப் போயிரும். இரு, ஒன் வண்டிய வெயில்லயே விட்டிருக்க. சீட்டுச் சுடும். நெழல்ல உருட்டிட்டு வாரேன்.

பாண்டியம்மாள்: ஏங்க, ஆட்ட எவனோ வேணும்னே அவுத்து விட்டிருக்கான். முளையிலருந்து கயித்த உருவியிருக்கு, முடிச்சு அப்படியே இருக்கு.

முத்துக்கருப்பன்: அணிலா இருக்கும்.

பாண்டியம்மாள்: ...போங்க, போயி வண்டியப் பாருங்க. தாயி, மோரக் குடிச்சியா?

தமிழ்வாணி: இந்தா குடிக்கிறேன்க்கா.

பாண்டியம்மாள்: என்ன கேட்டாரு ஒங்கிட்ட?

தமிழ்வாணி: நீங்க சொன்னத அவர்கிட்டச் சொல்லல. அவரு சொன்னத மட்டும் எப்படிச் சொல்லுவேன்?

பாண்டியம்மாள்: சொல்ல வேணாம். மெசேஜ நிப்பாட்டச் சொல்லியிருப்பாரு.

தமிழ்வாணி: ...அக்கா?

பாண்டியம்மாள்: நீ மோரக் குடி, பொரையேறப் போகுது. ஒங்கிட்டயும் கொஞ்சம் மறைச்சுட்டேன். ஒருநா அவரு குளிக்கப் போனப்ப போனு அடுப்படித் திண்டுல கெடந்துச்சு. டொய்ங்குன்னுச்சு. எடுத்துப் பாத்தேன். 'மோட்டார் கை முறைக்கு மாற்றப்பட்டது.'

தமிழ்வாணி: வாசிச்சீங்களா? எப்படிக்கா?

பாண்டியம்மாள்: அவரு மண்ணுல எழுத எழுத எதுக்க நின்னு டார்ச்சு அடிச்சது யாரு? அம்புட்டு எழுத்தும் எனக்குந்தான் பழகுச்சு. என்ன, எதுக்க நின்னதுனால எல்லாம் தலைகீழாப் பழகிருச்சு. போனத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டா வெரசா வாசிச்சுருவேன். நேராப் பிடிச்சு வாசிக்கத்தான் இப்ப வகுப்புல சேரப் போறேன்.

தமிழ்வாணி: அப்ப... அவருக்கு விசயம் தெரியும்னு ஒங்களுக்கு...

பாண்டியம்மாள்: அன்னையிலருந்து தெரியும். அந்த மெசேஜு செத்த லேட்டாத்தான் வரும். நான் குமிழத் திருப்பிட்டு, வீட்டுக்குப் போயி ஆட்டக் கட்டிட்டு, அடுப்படிக்குள்ள நுழையுறதுக்கும் அது வர்றதுக்கும் சரியா இருக்கும். வந்ததும் சாமி படத்தப் பாக்குற மாதிரிச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிருவாரு. ஒதடு அசையும். முழுசா வாசிச்சு முடிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு... கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிச் சிரிச்சதில்ல. அப்புறம் அழிச்சுட்டு, மொகத்தக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு, 'என்ன கொழம்பு'ம்பாரு. அடுப்புக்குப் பின்னாடி நின்னு அந்தச் சிரிப்பப் பாக்கத்தான் தாயி, கால் வலிச்ச அன்னைக்கும் வந்து இந்தக் குமிழத் திருப்புறேன். சுவிட்சு இருக்கட்டும், அந்த மெசேஜும் இருக்கட்டும்... இந்தா வண்டிய உருட்டிட்டு வந்துட்டாரு. அணிலு கடிக்காம இருக்க வலை கேட்டேன்னு சொல்லிரு.